எரியும் கோடை – 6: இரண்டு சனிக்கிழமைகள்

சென்ற வாரம் ஒரு சிகரெட் துண்டோடு நிறுத்தியிருந்தோம். காய்ந்த புல்லில் விழுந்த அந்தத் துண்டிலிருந்தே இந்த வாரம் தொடங்குவோம்.

1988 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி டார்கி தேசியக் காடு இருக்கிறது. அங்கே விறகு வெட்ட வந்தவர்கள் புகைத்துவிட்டுப் போட்ட துண்டு அது. பூங்கா எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். முதலில் புல் பற்றியது. பிறகு புதர். அங்கிருந்து பைன் மரங்களுக்கு ஏறியது. தகவல் தெரிந்ததுமே தீயணைப்பு வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். முதல் நாளிலிருந்தே அந்தத் தீயை அணைக்கத்தான் போராடினார்கள். தானாக எரிந்து அடங்கட்டும் என்று யாரும் அதை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கோடை முழுக்க அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரே குற்றச்சாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது: 'பூங்கா நிர்வாகம் வேண்டுமென்றே காட்டை எரியவிட்டுவிட்டது.' ஆனால், அந்த ஆண்டின் மிகப் பெரிய தீ மின்னலால் பிறந்ததல்ல. எரியவிடப்பட்டதும் அல்ல. மனிதர் கையிலிருந்து விழுந்து, மனிதர்கள் முதல் நாளே எதிர்த்து நின்றும் அடங்காமல், 4 லட்சம் ஏக்கரைத் தாண்டிப் போன தீ அது. 'நார்த் ஃபோர்க்' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தொடரில் இனி அந்தப் பெயர் அடிக்கடி வரும்.

வேதனை என்னவென்றால், அதற்கு முந்தைய நாள், ஜூலை 21 அன்றுதான், பூங்கா நிர்வாகம் தன் கொள்கையை நிறுத்திவைத்திருந்தது. இனி எந்தத் தீயாக இருந்தாலும் அணைத்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டாகிவிட்டது. அன்றைய கணக்கில் எரிந்திருந்தது சுமார் 17,000 ஏக்கர். யெல்லோஸ்டோனின் மொத்தப் பரப்பு 22 லட்சம் ஏக்கர் என்பதை நினைத்தால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே வாரத்தில் அந்தக் கணக்கு ஒரு லட்சம் ஏக்கரை நெருங்கியது.

அந்தக் கொள்கையைப் பற்றி இரண்டாம் வாரத்தில் கொஞ்சம் பார்த்தோம். 1972 முதல், மின்னல் மூட்டிய தீயை ஆளுக்கோ கட்டடத்துக்கோ பக்கத்து நிலத்துக்கோ ஆபத்தில்லாதவரை கண்காணித்தபடி எரியவிடலாம் என்பது விதி. மனிதர் மூட்டிய தீ என்றால் உடனே அணைக்க வேண்டும். 1987 வரையிலான 16 கோடைகளில் அப்படி 235 தீக்களை விட்டுவைத்தார்கள். எல்லாம் சேர்ந்து எரித்தது 33,759 ஏக்கர். அவற்றில் 100 ஏக்கரைத் தாண்டியவை 15 மட்டுமே. அத்தனையும் தாமாகவே அவிந்துபோயின. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1988 ஜூன் மாதத்தையும் அளந்தார்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழக்கத்தைவிட அதிக மழை வேறு பெய்திருந்தது. மழை பெய்த காடு எரியாது என்று நம்பியதில் தவறு சொல்ல என்னால் முடியவில்லை.

ஜூனில் மழை நின்றது. ஜூலையிலும் வரவில்லை. பூங்காவில் மழைக்கணக்கு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி வறண்ட கோடை இருந்ததில்லை. தச்சுப் பட்டறைக்கு வரும், சூளையில் உலர்த்திய பலகையிலேயே சுமார் 12 சதவிகிதம் ஈரம் இருக்கும். அந்தக் கோடையில் யெல்லோஸ்டோன் காட்டில் விழுந்து கிடந்த பட்ட மரங்களில் அளந்து பார்த்தபோது, சில இடங்களில் ஈரம் 2, 3 சதவிகிதம்தான் இருந்தது.

* * *

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, ஒரு தேசியப் பூங்காவின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அந்த ஆகஸ்ட் மாதத்தின் கனம் புரியாது.

யெல்லோஸ்டோன் ரேஞ்சருக்கு ஆபத்து என்பது தினசரி விஷயம். தீ இல்லாத ஆண்டிலும் பதிவேடு நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். மலைப்பாதையில் வழி தவறியவர், வளைவில் கவிழ்ந்த கார், கரடிக்குத் தீனி போட்டவர், ஏரியில் படகு கவிழ்ந்து குளிரில் விறைத்தவர்... பைசன் எருமையோடு படம் எடுத்துக்கொள்ள நெருங்கிப் போய் முட்டுப்பட்டவர்கள் தனி வரிசை. 1983 முதல் 1985 வரை மூன்றே ஆண்டுகளில் பைசன்களால் காயப்பட்டவர்கள் 33 பேர். பார்ப்பதற்கு அசையாமல் நின்று புல் மேயும் அந்த விலங்கு, மனிதனைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடக்கூடியது.

கரடியைவிட, பைசனைவிட அதிக உயிர்களைக் குடித்தவை அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள். 1981 ஜூலையில் ஓர் இளைஞர், ஊற்றுக்குள் பாய்ந்துவிட்ட நண்பரின் நாயைக் காப்பாற்றத் தானும் குதித்தார். அந்தத் தண்ணீரின் வெப்பம் 94 டிகிரி செல்சியஸ். மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். ஊற்றைச் சுற்றி எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. பலகை நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எந்த ரேஞ்சரும் நினைப்பதில்லை. மனிதர்கள் பலகையைப் படிக்கமாட்டார்கள், படித்தாலும் அது தமக்கல்ல என்று நினைப்பார்கள் என்பதை அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

1988 கோடையில் இத்தனையும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. பயணிகள் வருவது நிற்கவில்லை. அதன் மேல்தான் தீ வந்து உட்கார்ந்தது. ஜூலை 23 முதல், பூங்காவின் தெற்கே இருந்த கிராண்ட் வில்லேஜ் குடியிருப்பிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். சாலைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. காலையில் போன பாதை மாலையில் இருக்குமா என்று சொல்ல முடியவில்லை.

தீயணைப்பு முகாம்களின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். இரவில் விமானங்கள் அகச்சிவப்புக் கருவியோடு பறந்து, புகைக்கு அடியில் தீயின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று படம் எடுக்கும். அதை வைத்து விடிவதற்குள் வரைபடம் தயாராகும். வீரர்களைக் கூட்டி அன்றைய வேலையைச் சொல்வார்கள். அதோடு சேர்த்து, எதனால் சாவு வரலாம் என்பதையும் சொல்வார்கள். எரிந்துபோன மரம் வேரறுந்து ஓசையே இல்லாமல் சாயும். மலைச்சரிவில் தீ சுட்ட பாறை உருளும். காற்று திசை மாறினால் எந்த வழியாக ஓட வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். காவலுக்கு ஒருவர் தீயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு முன் பல காடுகளில் வீரர்கள் கருகிச் செத்த பிறகு, 1957இல் 10 கட்டளைகளாக எழுதிவைத்த பாடம் இது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் யாரோ சிலருடைய மரணம் இருக்கிறது. இடுப்பில் ஆளுக்கொரு பொட்டலம். பிரித்தால் அலுமினியத் தகட்டால் ஆன சிறு கூடாரம். ஓட வழியில்லாதபோது தரையோடு முகத்தைப் புதைத்து, அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். தீ மேலே கடந்து போகும்.

தீயைவிட வீரர்களைத் தினம் தினம் வதைத்தது புகை. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் தங்கி, மேலே மூடி போட்டதுபோல் புகையை அடக்கிவிடும். முகாம்கள் இருந்ததும் பள்ளத்தாக்குகளில்தான். பகலெல்லாம் புகையில் வேலை செய்துவிட்டு, இரவெல்லாம் புகையிலேயே தூங்கினார்கள். அந்தக் கோடையில் தீயணைப்பு வீரர்கள் சுமார் 30,000 முறை மருத்துவ உதவி நாடி வந்ததாகக் கணக்கு. அதில் 12,000 முறை மூச்சுக்கோளாறுக்காக. எரிந்த ஏக்கர் கணக்கு தினமும் தலைப்புச் செய்தியானது. இந்தக் கணக்கை அப்போது பெரிதாக யாரும் எழுதவில்லை. என்னைக் கேட்டால், 1988இன் கதையில் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

* * *

அவர்கள் கையில் இருந்த ஒரு கருவியையும் பார்க்க வேண்டும். நீண்ட மரப்பிடி. தலையின் ஒரு பக்கம் கோடாரி, மறு பக்கம் களைக்கொத்து. ஒரே கருவியால் வேரையும் வெட்டலாம், மண்ணையும் கொத்தலாம். புல், சருகு, வேர் எல்லாவற்றையும் நீக்கி வெறும் மண் தெரியும்வரை கொத்திக்கொண்டே போனால் அது தீத்தடுப்புக் கோடு. 1988 கோடையில் கையால் மட்டும் 1,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிக் கோடு வெட்டினார்கள். அந்தக் கருவியின் பெயர் புலாஸ்கி.

அது ஓர் ஆளின் பெயர். அவர் கதைக்கு நாம் 78 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1910 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. ஐடஹோ மாநிலத்தில் வாலஸ் என்ற சுரங்க ஊர். அமெரிக்க வனத்துறை தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கோடையிலும் மழை இல்லை. ஐடஹோ, மொன்டானா மலைகளில் நூற்றுக்கணக்கான சிறு தீக்கள் எரிந்துகொண்டிருந்தன. கூலிக்கு ஆள் கிடைத்தால் போதும் என்று சுரங்கத் தொழிலாளர்கள், மரம் வெட்டுபவர்கள், வேலையில்லாமல் திரிந்தவர்கள் எல்லோரையும் வனத்துறை காட்டுக்குள் அனுப்பியிருந்தது. அன்று பிற்பகல் புயல்காற்று வீசியது. சிறு தீக்களெல்லாம் ஒன்றாகக் கைகோத்தன.

எட் புலாஸ்கி அப்போது நாற்பதைத் தாண்டிய ரேஞ்சர். காட்டில் சிதறிக்கிடந்த ஆட்களில் சுமார் 45 பேரைத் திரட்டிக்கொண்டு ஊரை நோக்கி இறங்கினார். வழி அடைபட்டுவிட்டது. அந்த மலையின் பழைய சுரங்கங்கள் அவருக்குத் தெரியும். ஒரு சுரங்கத்துக்குள் எல்லோரையும், கூட வந்த குதிரைகளோடு, ஓட்டிச்சென்று தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார். வாயிலில் போர்வைகளைத் தொங்கவிட்டார். அவை பற்றப் பற்ற, சுரங்கத்தில் ஊறிய நீரைத் தொப்பியில் மொண்டு ஊற்றினார். உள்ளே காற்று கெட்டது. வெளியே ஓடிவிடலாம் என்று சிலர் எழுந்தார்கள். புலாஸ்கி துப்பாக்கியை உருவி, வெளியே கால் வைப்பவரைச் சுட்டுவிடுவேன் என்றார். பிறகு அவரும் மயங்கி விழுந்தார்.

விடியற்காலையில் ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள். வாயிலருகே கிடந்த புலாஸ்கியைப் பார்த்து, அவர் செத்துவிட்டார் என்றே முடிவு கட்டினார்கள். கிடந்த இடத்திலிருந்தே அவர் மறுத்துக் குரல் கொடுத்தார்! உள்ளே வந்தவர்களில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் கருகிய காட்டின் வழியே, எரியும் காலணிகளோடு ஊருக்கு நடந்தார்கள். புலாஸ்கியின் கண்களும் நுரையீரலும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அந்த இரண்டு நாட்களில் எரிந்தது 30 லட்சம் ஏக்கர். இறந்தவர்கள் குறைந்தது 85 பேர். பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள்.

அந்த மரணங்களிலிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: காட்டில் தீயே இருக்கக் கூடாது. 1910இல் அந்த வட்டாரத்தில் பணியாற்றிய வன அதிகாரி ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ், பின்னாளில் வனத்துறைத் தலைவரானார். எந்தத் தீயாக இருந்தாலும், கண்ணில் பட்ட மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற விதியை 1935இல் கொண்டுவந்தவர் அவர்தான். செத்தவர்களை நேரில் அறிந்த ஒருவர் போட்ட விதி அது. அதை வெறும் மடமை என்று இன்று எழுதுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆனால் அந்த விதிக்குக் காட்டின் வயது தெரியாது.

யெல்லோஸ்டோனில் தீயோடு போராட்டம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1886 ஆகஸ்டில் கேப்டன் மோசஸ் ஹாரிஸ் தலைமையில் அமெரிக்கக் குதிரைப்படை வந்து பூங்காவைப் பொறுப்பேற்றபோது, பூங்கா ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சிப்பாய்களுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று தீயணைப்பு.

இதனால்தான் ஒரு விளக்கம் இன்றுவரை சுற்றுகிறது: நூறு ஆண்டுகளாகத் தீயை அணைத்துக்கொண்டே வந்ததால் விறகு சேர்ந்துபோய், 1988இல் மொத்தமாக வெடித்தது என்று. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் பல காடுகளுக்கு அது உண்மையும்கூட. யெல்லோஸ்டோனுக்கு அப்படியே பொருந்தாது. விமானமும், அதிலிருந்து குதித்து இறங்கும் வீரர்களும் வந்த பிறகுதான், அதாவது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான், அந்த உயர்ந்த பீடபூமியில் தீயை உண்மையிலேயே அணைக்க முடிந்தது. அங்கிருந்து 1972 வரை முப்பதாண்டுகள்கூட இல்லை. வில்லியம் ரோம் என்ற ஆய்வாளர் மரங்களின் வளையங்களையும் தீத்தழும்புகளையும் எண்ணி 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பூங்காவின் தாவரவியலாளர் டான் டெஸ்பெயினும் அவரோடு சேர்ந்து தொடர்ந்து வேலை செய்தார். அவர்கள் கண்டது: அந்த லாட்ஜ்போல் பைன் காடுகளில் பெருந்தீ வருவது முன்னூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை. கடைசியாக வந்தது 1700களின் தொடக்கத்தில். ஐரோப்பியர் யாரும் அந்தக் காட்டைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே ஒரு 1988 நடந்திருக்கிறது. அன்று முளைத்த கன்றுகள்தான் 1988இல் முதிர்ந்து, காய்ந்து, அடுத்த தீக்குக் காத்து நின்றன.

ஆய்வு நூலகத்தில் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய தீயைத் தம் காலத்திலேயே பார்க்க நேரும் என்று பூங்காவில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

* * *

ஆகஸ்ட் தொடக்கத்தில் நாட்டின் தலைசிறந்த தீ வல்லுநர்களை யெல்லோஸ்டோனுக்கு அழைத்தார்கள். காட்டுத்தீயின் வேகத்தைக் கணக்குப் போடும் சூத்திரங்களை உருவாக்கிய ரிச்சர்ட் ராதர்மெல் அந்தக் குழுவில் இருந்தார். வரைபடங்களை விரித்து, காடு காடாக வயது பார்த்து, கணக்குப் போட்டார்கள். முதிர்ந்த காட்டில்தான் தீ ஓடும், இளம் காட்டை எட்டியதும் தளரும் என்பது அதுவரையான அனுபவம். முதிர்ந்த காட்டில் பெரும்பங்கு எரிந்துவிட்டது, ஆகஸ்டில் கொஞ்சமாவது மழை வரும், இனி வேகம் குறையும் என்று சொன்னார்கள்.

மழை வரவில்லை. வந்ததெல்லாம் மழையில்லாத குளிர்காற்று முகப்புகள். ஒன்று போனால் ஒரு வாரத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் காற்றை மட்டும் கொண்டுவந்தது. இளம் காடும் எரிந்தது. வல்லுநர்கள் வரைந்த எல்லைக்கோடுகளைத் தீ ஒவ்வொன்றாகத் தாண்டியது.

அதற்குள் அரசியலும் சூடேறிவிட்டது. அது ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு. உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல் ஜூலை இறுதியிலேயே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பூங்காக் கண்காணிப்பாளர் ராபர்ட் பார்பியின் பெயரோடு 'எரியவிடு' என்ற அடைமொழியைச் சேர்த்து ஊரார் திட்டத் தொடங்கினார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அவை. புகை மூடிய ஜன்னலுக்குப் பின்னால் காலி அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த விடுதிக்காரரின் கோபத்தில் நியாயம் இருந்தது.

தீயணைப்பு முறையிலும் சண்டை வந்தது. பூங்காவுக்குள் புல்டோசரை இறக்கக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். எரிந்த காடு சில ஆண்டுகளில் துளிர்க்கும், புல்டோசர் கீறிய மண் தலைமுறைக்கும் ஆறாது என்பது பூங்கா ஊழியர்களின் வாதம். வீட்டுக்கு அரை மைல் தொலைவில் தீ நிற்கும்போது மண்ணைப் பற்றிப் பேசுகிறார்களே என்பது வெளியே இருந்தவர்களின் வாதம். கடைசியில் பூங்காவுக்குள்ளும் 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்டோசர்கள் கோடு போட்டன.

ஆனால் எந்தக் கோடும் பயன்படவில்லை. காரணம் எளிமையானது. பெருந்தீ தன் வெப்பத்தால் காற்றை மேலே இழுக்கிறது. அந்தத் தூணில் எரியும் கிளைகளும் கூம்புகளும் ஏறிப்போய், காற்றோடு பறந்து, ஒன்றரை மைல் முன்னால் விழுகின்றன. விழுந்த இடத்தில் புதுத் தீ. ஆறடிக் கோட்டையும் தாண்டும், சாலையையும் தாண்டும், ஆற்றையும் தாண்டும். யெல்லோஸ்டோன் ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கையே தாண்டியது.

ஆகஸ்ட் 20 வந்தது. சனிக்கிழமை.

ஆம், அதே தேதி. அதே கிழமை. எட் புலாஸ்கி சுரங்கத்துக்குள் ஆட்களை ஓட்டிச்சென்று சரியாக 78 ஆண்டுகள்.

காலையில் காற்று எழுந்தது. மலைமுகடுகளில் வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டியது. அதுவரை தரையோடு ஊர்ந்துகொண்டிருந்த தீ மரங்களின் உச்சிக்கு ஏறி, உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவியது. தெற்கு எல்லைக்கு வெளியே, ஃபிளாக் ராஞ்ச் அருகே, காற்றில் சாய்ந்த ஒரு மரம் மின்கம்பி மேல் விழுந்தது. அங்கே ஒரு புதுத் தீ. அதற்கு 'ஹக்' என்று பெயர். ஹெலிகாப்டர்களால் நிற்க முடியவில்லை. வீரர்களைக் கோடுகளிலிருந்து பின்வாங்கச் சொன்னார்கள். நண்பகலிலேயே பல இடங்களில் வாகனங்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

அந்த ஒரே நாளில் யெல்லோஸ்டோனிலும் சுற்றுக்காடுகளிலும் எரிந்தது ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். 1872இல் பூங்கா பிறந்ததிலிருந்து எந்தப் பத்தாண்டிலும் மொத்தமாக எரிந்ததைவிட அது அதிகம். கறுப்புச் சனிக்கிழமை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1910இன் சனிக்கிழமைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அந்த நாளில் ஆட்களைக் காட்டில் விட்டுவிட்டுத் தேடினார்கள். இந்த நாளில் அவர்களை முன்கூட்டியே வெளியே எடுத்துவிட்டார்கள். கருகிய ஏக்கர்களை எண்ணியவர்களின் கண்ணில் இது படவில்லை. கறுப்புச் சனிக்கிழமையின் தீ ஒரு தீயணைப்பு வீரரைக்கூடக் கொல்லவில்லை என்பதை அந்த மாதத்தின் பெரிய வெற்றியாகவே நான் பார்க்கிறேன். புலாஸ்கியின் சுரங்கத்தில் இறந்த ஐந்து பேருக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த வாரத்தில் ராணுவம் வந்தது. குதிரைப்படை தீயணைத்து 102 ஆண்டுகள் கழித்து, அதே பூங்காவில் மறுபடியும் சிப்பாய்கள் கையில் கருவியோடு வரிசையில் நின்றார்கள். ஒரே நேரத்தில் 9,000 பேர்வரை களத்தில் இருந்தார்கள். மேற்கு வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரைக் காக்க, ஐடஹோவின் உருளைக்கிழங்கு விவசாயிகள் தங்கள் வயலிலிருந்த பாசனக் குழாய்களையும் தெளிப்பான்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊரின் விளிம்பில் இரவும் பகலும் காட்டை நனைத்தார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்தவர்களல்ல அவர்கள்.

நார்த் ஃபோர்க் அந்த ஊரைத் தொடவில்லை. ஆனால் திரும்பிக் கிழக்கே நடந்தது. அந்தத் திசையில் இருந்தது ஓல்டு ஃபெயித்ஃபுல்.

* * *

மணிக்கணக்குப் பார்த்துப் பீச்சியடிக்கும் அந்த வெந்நீர் ஊற்றை உலகமே அறியும். அதன் எதிரே ஒரு விடுதி நிற்கிறது. ராபர்ட் ரீமர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1904இல் திறந்தது. முழுக்க முழுக்க மரம். சுற்றுக்காட்டில் வெட்டிய லாட்ஜ்போல் பைன், பட்டை உரித்த தூண்கள், வளைந்த கிளைகளால் கைப்பிடிகள், மேலே மரச்சில்லுக் கூரை. கூடத்தின் நடுவே 500 டன் கல்லில் எழும்பும் கணப்படுப்பு. கூரை உச்சி 76 அடி உயரம். வெளியே எந்த மரம் எரிந்துகொண்டிருந்ததோ, அதே மரத்தால் கட்டிய வீடு அது.

செப்டம்பர் 7, புதன்கிழமை காலை. விடுதியில் தங்கியிருந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஊற்றைப் பார்க்கப் பகலில் வந்துபோகிறவர்களின் கார்கள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தன. பத்திரிகையாளர்களும் படக்கருவிகளோடு வந்திருந்தார்கள். ஊழியர்கள் கூரைகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் கட்டடங்களைச் சுற்றி நின்றன.

பிற்பகலில் காற்று எழுந்தது. மேற்கு முகட்டின் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. கேட்டவர்கள் பலரும் ஜெட் விமானம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முகட்டின் மேல் தீ தெரிந்தது. விமானங்கள் கொட்டிய சிவப்புத் தீத்தடுப்பு ரசாயனத்தைக் கண்டுகொள்ளாமல் சரிவில் இறங்கியது. எஞ்சியிருந்தவர்கள் கார்களை நோக்கி ஓடினார்கள். நிறுத்துமிடத்தின் தார்மேல் கங்குகள் குதித்து உருண்டன.

விடுதியின் கூரைமேல் நீர்த்தெளிப்பான்கள் பொருத்தி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நிஜமான தீயை அவை அதுவரை பார்த்ததில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அதே நேரத்தில், சுற்றியிருந்த மரக் குடில்களில் ஒன்றின் கூரையிலிருந்து முதல் தீ எழுந்தது.

(தொடரும்)